எண்ணப்படாதவர்க்கு நீதி எங்கே? சமத்துவ ஆணையங்களும் புள்ளியியலாளர் பணியும்

(அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய அமைப்பு புள்ளிவிவரத்தைப் பற்றிப் பேச ஆள் கூப்பிடுவது அபூர்வம். ஆனால் பண்டிதர் அயோத்திதாசரின் நினைவில் நடக்கும் கூட்டத்துக்கு அது பொருத்தமான பொருள்தான். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒடுக்கப்பட்டோரை என்ன பெயரில் எழுதுவது என்பது அவருடைய அரசியலின் நடுவில் இருந்த கேள்வி. இந்துக்களின் கடைசிப் படியில் ஒருவராக நம்மை எழுதாதே, சாதியற்றவர்கள் என்று எழுது என்று அவர் வாதாடினார். கணக்கெடுப்பவர் கையில் இருக்கும் படிவத்தில் எத்தனை கட்டங்கள், அவற்றின் பெயர் என்ன என்பது அதிகாரத்தின் விஷயம் என்று நூறு ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது.

அண்ணல் அம்பேத்கர் அதே போரை வேறொரு மேடையில் நடத்தினார். 1932-இல் லோதியன் பிரபு தலைமையில் வாக்குரிமைக் குழு இந்தியாவைச் சுற்றி வந்தது. தீண்டப்படாதோர் எண்ணிக்கைக்கு ஏற்பப் பிரதிநிதித்துவம் தரப்படும் என்ற நிலை வந்ததும் ஒரு விந்தை நடந்தது. ஐக்கிய மாகாணத்தில் ஒரு கோடிக்கு மேல் என்று மதிப்பிடப்பட்டிருந்த மக்கள், அந்த மாகாணத்தின் குழுவுடைய கணக்கில் சில லட்சமாகச் சுருங்கிப்போனார்கள். பஞ்சாபிலும் வங்காளத்திலும் இதே வேலை நடந்தது. குழுவின் உறுப்பினராக இருந்த அம்பேத்கர் தனிக் குறிப்பு எழுதி அதை எதிர்த்தார். உரிமை என்ற பேச்சு வராதவரை நம் எண்ணிக்கையைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை. பங்கு கொடுக்க வேண்டும் என்ற நாளில்தான் சண்டை.

நான் புள்ளியியல் படித்து அந்தத் தொழிலில் காலம் கழித்தவன். என் பேச்சு இலக்கியமாக இருக்காது, கணக்கு வாத்தியார் பேசுவதுபோல் இருக்கும். பொறுத்துக்கொள்ள வேண்டும். இன்று நான் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: பாகுபாட்டைத் தடுப்பதற்கென்றே சட்டப்படி அமைந்த ஓர் அரசு ஆணையத்தில், புள்ளியியலாளர் குழு ஒன்றை நடத்துபவருக்கு என்ன வேலை? அதற்கு பிரிட்டனை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். அவர்கள் நம்மைவிட நல்லவர்கள் என்பதால் அல்ல. அங்கே இந்த வேலைக்குச் சட்டம் இருக்கிறது, அது வென்ற இடமும் தோற்ற இடமும் தெளிவாகத் தெரிகின்றன, தோற்ற இடத்தில் நிற்பவர்கள் நம் மக்கள்.

ஆணையம் என்பது என்ன?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று நாடுகளுக்குமான சமத்துவம் மற்றும் மனித உரிமைகள் ஆணையம் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவாகி, 2007 அக்டோபரில் வேலையைத் தொடங்கியது. அதற்கு முன் இனம், பாலினம், ஊனம் என்று மூன்று தனித்தனி ஆணையங்கள் இருந்தன. அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கினார்கள். 2010-இல் வந்த சமத்துவச் சட்டம் வயது, மாற்றுத்திறன், இனம், மதம் அல்லது நம்பிக்கை, பாலினம், பாலினமாற்றம், பாலீர்ப்பு, திருமணம், கர்ப்பமும் மகப்பேறும் என ஒன்பது அடையாளங்களின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது.

ஆணையத்துக்கு விசாரணை நடத்தும் அதிகாரம் உண்டு. சட்டத்தை மீறிய நிறுவனத்துக்கு அறிவிப்பு அனுப்பலாம், எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தில் அதைக் கட்டிப்போடலாம், பாதிக்கப்பட்டவரின் வழக்குக்குத் துணை நிற்கலாம். இவற்றோடு, நாட்டில் சமத்துவம் முன்னேறியிருக்கிறதா பின்தங்கியிருக்கிறதா என்று அளந்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும் என்பதையும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கடமையாக வைத்திருக்கிறது. முதலில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை என்றிருந்ததை 2013-இல் ஐந்து ஆண்டு என்று தளர்த்தினார்கள். 2010, 2015, 2018, 2023 என்று அந்தப் பெரிய அறிக்கைகள் வந்திருக்கின்றன.

புள்ளியியலாளர்கள் அங்கே தேவைப்படுவது இதனால்தான். புகார் கொடுப்பவர் ஒருவர் என்றால், புகார் கொடுக்க முடியாதவர் நூறு பேர். புகார்களை மட்டும் வைத்து வேலை செய்யும் ஆணையம் அந்த ஒருவரை மட்டுமே பார்க்கும். மீதி நூறு பேரைப் பார்க்கும் கண் கணக்குதான்.

எதை அளப்பது?

குழுத்தலைவரின் முதல் வேலை கணக்குப் போடுவது அல்ல. எதை அளப்பது என்று முடிவு செய்வது. பிரிட்டன் ஆணையத்தின் அளவீட்டுச் சட்டகத்துக்கு அடிப்படையாக இருப்பது அமர்த்தியா சென்னின் இயலுமைக் கோட்பாடு. ஒருவர் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று மட்டும் கேட்காமல், அவர் என்னவாக இருக்க முடிகிறது, என்ன செய்ய முடிகிறது என்று கேட்பது. 2017-இல் திருத்தப்பட்ட வடிவத்தில் ஆறு களங்கள் இருக்கின்றன: கல்வி, வேலை, வாழ்க்கைத் தரம், உடல்நலம், நீதியும் பாதுகாப்பும், பொதுவாழ்வில் பங்கேற்பு. ஒவ்வொன்றிலும் மூன்று கேள்வி. சட்டம் இருக்கிறதா? அது நடைமுறையில் இருக்கிறதா? கடைசியில் மக்களுக்கு என்ன கிடைத்தது?

இந்த மூன்றையும் பிரித்துக் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். தீண்டாமையை ஒழித்த அரசியல் சாசனப் பிரிவு முதல் கேள்விக்கு விடை. மூன்றாவது கேள்விக்கு அது விடை ஆகாது.

வரையறை எவ்வளவு வலிமையானது என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 2021 ஜூலையில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில், கையால் மலம் அள்ளும் வேலையால் இறப்பு எதுவும் பதிவாகவில்லை என்று பதில் சொன்னது. அதே அரசு, கழிவுநீர்க் குழாயிலும் மலக்குழியிலும் இறங்கி நூற்றுக்கணக்கானோர் இறந்ததாக வேறொரு பதிலில் ஒத்துக்கொள்கிறது. இரண்டும் எப்படிப் பொருந்தும்? 2013-ஆம் ஆண்டுச் சட்டம் 'கையால் மலம் அள்ளுதல்' என்பதையும் 'ஆபத்தான முறையில் குழி சுத்தம் செய்தல்' என்பதையும் தனித்தனியாக வரையறுக்கிறது. இறந்தவர் ஒருவரே. எந்தக் கட்டத்தில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து ஒரு பட்டியலில் இருப்பார், இன்னொன்றில் இருக்க மாட்டார். யாரும் எண்ணைத் திருத்தவில்லை. வரையறையே வேலையை முடித்துவிட்டது. சமத்துவ ஆணையத்தில் இருக்கும் புள்ளியியலாளர், அட்டவணையைத் திறப்பதற்கு முன் வரையறையைப் படிக்க வேண்டும்.

பகுதி எண் யாருடையது?

பள்ளிக்கூடத்தில் பின்னம் படித்திருப்பீர்கள். மேலே தொகுதி, கீழே பகுதி. பாகுபாட்டைப் பற்றிய பெரும்பாலான சண்டைகள் கீழே இருக்கும் எண்ணைப் பற்றியவை.

இங்கிலாந்தில் காவல்துறை தெருவில் போகிறவரை நிறுத்திச் சோதனை போடலாம். யாரை நிறுத்துகிறார்கள்? 2010-இல் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, ஆயிரம் பேருக்கு எத்தனை சோதனை என்று இனவாரியாகக் கணக்கிட்டது. வெள்ளையரோடு ஒப்பிட்டால் கறுப்பினத்தவர் குறைந்தது ஆறு மடங்கும், ஆசிய வம்சாவளியினர் சுமார் இரண்டு மடங்கும் நிறுத்தப்பட்டார்கள். இதற்குக் காவல்துறைப் பக்கம் நின்றவர்களின் வழக்கமான பதில் ஒன்று உண்டு. ஊரில் குடியிருப்போர் தொகையால் வகுக்காதீர்கள், அந்த நேரத்தில் தெருவில் இருந்தவர்கள் தொகையால் வகுங்கள் என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் வேலையில்லாதவர், பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவர், நெருக்கடியான வீட்டில் வசிப்பவர் தெருவில் அதிகம் இருப்பார்கள். அந்தப் பகுதி எண்ணை ஏற்றுக்கொண்டால், முதலில் நடந்த அநீதியே இரண்டாவது அநீதிக்குச் சாட்சியாக வந்து நிற்கும்.

குழுத்தலைவர் இங்கே செய்யக்கூடியது இரண்டு. எந்த எண்ணால் வகுத்தோம், ஏன் என்பதை வெளிப்படையாக எழுதுவது ஒன்று. எதிர்த்தரப்பின் எண்ணால் வகுத்தாலும் என்ன வருகிறது என்று காட்டுவது இன்னொன்று. கணக்கைக் குழுவுக்குள் இன்னொருவர் முதலிலிருந்து போட்டுச் சரிபார்க்காமல் வெளியே விடக் கூடாது. ஒடுக்கப்பட்டோர் சார்பில் சொல்லப்படும் எண்ணில் ஒரு பிழை இருந்தால் அந்த ஒரு பிழையைத்தான் பத்து ஆண்டுகளுக்குப் பேசுவார்கள்.

அந்த அறிக்கையோடு விஷயம் நிற்கவில்லை. லெஸ்டர்ஷயர், தேம்ஸ் வேலி ஆகிய இரண்டு காவல் பிரிவுகளை ஆணையம் சட்டப்படியான ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தது. 2013-இல் மறுபடி அளந்து பார்த்தார்கள். சோதனைகள் குறைந்திருந்தன, இன ஏற்றத்தாழ்வு குறைந்திருந்தது, குற்றங்களும் தொடர்ந்து குறைந்துகொண்டுதான் இருந்தன. சோதனையைக் குறைத்தால் குற்றம் பெருகும் என்ற பயமுறுத்தல் பொய்யாகிப்போனது. அளந்து, கேள்வி கேட்டு, கட்டிப்போட்டு, மறுபடி அளப்பது. இந்த நான்கும் சேர்ந்ததுதான் ஒழுங்குமுறை. முதல் படியோடு நிற்பது ஆராய்ச்சி.

சராசரியும் தகுதியும்

2017 முதல் பிரிட்டனில் 250 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஆண், பெண் ஊதிய இடைவெளியை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இதை அமல்படுத்துவது ஆணையத்தின் பொறுப்பு. கூட்டுச் சராசரி, இடைநிலை அளவு இரண்டையும் கேட்கிறார்கள். ஏன் இரண்டு? மேலே இருக்கும் நாலு பேர் சம்பளம் கூட்டுச் சராசரியை இழுத்துவிடும். வரிசையில் நடுவில் நிற்பவரின் சம்பளத்தைப் பார்த்தால்தான் சாதாரணத் தொழிலாளியின் நிலை தெரியும். முதல் ஆண்டிலேயே சில நிறுவனங்கள் இரண்டு அளவிலும் இடைவெளி பூஜ்யம் என்று எழுதி அனுப்பின. பல நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் இரண்டும் சரியாகப் பூஜ்யமாக வருவது நடக்காத காரியம் என்று கணக்குத் தெரிந்தவருக்குப் படிவத்தைப் பார்த்ததும் புரியும். வந்த எண்களை வாங்கி அடுக்குவதற்குக் குமாஸ்தா போதும். வந்த எண்ணைச் சந்தேகிப்பதற்குத்தான் புள்ளியியலாளர்.

மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. பிரிட்டன் உள்துறையில் பதவி உயர்வுக்கு ஒரு திறனறித் தேர்வு வைத்தார்கள். வெள்ளையர் அல்லாதோரின் தேர்ச்சி விகிதம், வெள்ளையரின் தேர்ச்சி விகிதத்தில் 40 சதவீதம் அளவுக்கே இருந்தது. இது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. ஆனால் காரணம் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. தேர்வில் பாகுபாடான கேள்வி எதையும் விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. அரசுத் தரப்பு, நீங்கள் ஏன் தோற்றீர்கள் என்று நீங்களே நிரூபியுங்கள் என்றது. எசாப் வழக்கு என்று பெயர்பெற்ற இதில் 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: ஏன் என்று நிரூபிக்கும் சுமை பாதிக்கப்பட்டவர்மேல் இல்லை, ஒரு விதி ஒரு பிரிவினரைக் கணிசமாகப் பின்தள்ளுகிறது என்று காட்டினால் போதும், அந்த விதி நியாயமானது என்று காட்ட வேண்டியது அதை வைத்தவர்கள்.

தகுதி, தகுதி என்று நம் பிள்ளைகளை நோக்கி வீசப்படும் சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். உன் பிள்ளை தோற்றால் உன் பிள்ளையைப் பார் என்கிறார்கள். அந்தத் தீர்ப்பின் தர்க்கம், தேர்வைப் பார் என்கிறது. அந்த நிலைக்கு நீதிமன்றத்தைக் கொண்டுவந்து சேர்த்தது பிரிவுவாரியான ஒரு தேர்ச்சி அட்டவணை. அந்த அட்டவணை இல்லையென்றால் அந்த வழக்கும் இல்லை.

பெயரும் தெருவும் பள்ளியும்

வட அயர்லாந்துக்கு வருவோம். அங்கே கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் பிளவு. தோற்றத்தில் வேறுபாடு கிடையாது, மொழி ஒன்று, நிறம் ஒன்று. நம் ஊரைப் போலவே, ஆளைப் பார்த்ததும் தெரியாது. பெயரைக் கேட்டு, எந்தத் தெரு என்று கேட்டு, எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டுக் கண்டுபிடிப்பார்கள். கத்தோலிக்க ஆண்கள் வேலையில்லாமல் இருக்கும் வாய்ப்பு, புராட்டஸ்டண்ட் ஆண்களைவிட இரண்டரை மடங்கு என்ற கணக்கு எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மாறாமல் நின்றது. 1976-இல் வந்த முதல் சட்டம் புகார்களை நம்பி இருந்தது, பெரிய மாற்றம் வரவில்லை. 1989-இல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். இன்று பத்துப் பேருக்கு மேல் வைத்திருக்கும் ஒவ்வொரு தனியார் நிறுவனமும் பதிவு செய்ய வேண்டும். தன் தொழிலாளர்கள் எந்தச் சமூகப் பின்னணி என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தன் வேலைக்கு ஆள் எடுக்கும் முறையைத் தானே ஆராய வேண்டும். கணக்குக் கொடுக்காவிட்டால் அது குற்றம்.

தொழிலாளி பதில் சொல்ல மறுத்தால்? அவர் படித்த பள்ளி, பெயர், முகவரி போன்றவற்றை வைத்து நிறுவனமே பின்னணியைக் கணிக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பாகுபாடு காட்டுபவன் எதை வைத்து ஆளை அடையாளம் கண்டானோ, அதே அடையாளங்களை வைத்து அவனைக் கண்காணிக்கிறார்கள். நாங்கள் சாதி பார்ப்பதில்லை, அதனால் எங்களிடம் கணக்கு இல்லை என்று சொல்லும் முதலாளிகளுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

1990-இல் கண்காணிப்புத் தொடங்கியபோது அந்தத் தொழிலாளர் தொகையில் கத்தோலிக்கர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய பாதி. மக்கள்தொகையே மாறியது, கல்வி வளர்ந்தது, போர் ஓய்ந்தது. எல்லாமே சட்டத்தால் நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் கணக்குக் கேட்கும் ஒரு வாசல் இருந்தது என்பது சிறிய விஷயம் அல்ல. 1999 முதல் அந்த வாசலில் உட்கார்ந்திருப்பது வட அயர்லாந்தின் சமத்துவ ஆணையம்.

எண்ணப்படாத சாதி

இப்போது தோற்ற இடத்துக்கு வருகிறேன். தெற்காசியாவிலிருந்து போனவர்கள் சாதியையும் கூடவே கொண்டுபோனார்கள். பிரிட்டனில் வாழும் தலித் அமைப்புகள் பல ஆண்டுகள் போராடி, சாதியைச் சட்டத்தில் சேர்க்க அமைச்சருக்கு அதிகாரம் தரும் ஒரு பிரிவை 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெறச் செய்தார்கள். 2010 டிசம்பரில் அரசே கேட்டு வாங்கிய ஆய்வு, வேலையிடத்திலும் சேவைகளிலும் சாதிப் பாகுபாட்டுக்குச் சான்று இருப்பதாகச் சொன்னது. 2013-இல் நாடாளுமன்றம் இன்னும் ஒரு படி போய், 'சேர்க்கலாம்' என்பதை 'சேர்க்க வேண்டும்' என்று மாற்றியது. ஆணையமும் சாதியைப் பற்றி ஆய்வு செய்வித்து 2014-இல் வெளியிட்டது.

இதற்கிடையில் திர்க்கி வழக்கு. இந்தியாவிலிருந்து வீட்டு வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆதிவாசிப் பெண் ஒருவர் நாலரை ஆண்டுகள் உழைத்தார். கிடைத்த கூலி மணிக்கு 11 பென்ஸ். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2014 டிசம்பரில், சாதி சில சூழல்களில் 'இன மூலம்' என்ற சொல்லுக்குள் அடங்கலாம் என்றது. 2015-இல் அவருக்கு 1,80,000 பவுண்டுக்கு மேல் கூலிப் பாக்கி கிடைத்தது.

2017-இல் அரசு மக்கள் கருத்தைக் கேட்டது. 16,000-க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. 2018 ஜூலையில் அரசு முடிவை அறிவித்தது: தனிச் சட்டம் தேவையில்லை, திர்க்கி போன்ற தீர்ப்புகள் போதும், வழக்குகளின் எண்ணிக்கை மிகக் குறைவு.

இந்தக் கடைசிக் காரணத்தைக் கவனியுங்கள். பிரிட்டன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1991 முதல் இனம் கேட்கப்படுகிறது. சாதி கேட்கப்படுவதில்லை. ஆகவே எத்தனை தலித்துகள் அங்கே இருக்கிறார்கள் என்பதற்கு அதிகாரபூர்வமான எண் இல்லை. பகுதி எண் இல்லாத இடத்தில் எந்த விகிதமும் கணக்கிட முடியாது. சட்டத்தில் பெயர் இல்லாததால் வழக்குப் போடுபவர் குறைவு. வழக்கு குறைவாக இருப்பதால் சட்டம் தேவையில்லை. எண்ணாததால் பாதுகாப்பு இல்லை, பாதுகாப்பு இல்லாததால் எண்ணத் தேவையில்லை. செக்குமாடு சுற்றுவதுபோல் இது சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆணையத்தின் குழுத்தலைவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் கேட்கப்படாத கேள்விக்கு விடை கொண்டுவர முடியாது. கேட்கப்பட்டாலும் சிறிய சமூகம் என்றால் மாதிரியில் சிலர்தான் விழுவார்கள், பிழை வரம்பு பெரிதாகும், 'போதிய தரவு இல்லை' என்று அட்டவணையில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். ஜிப்சிகளுக்கும் ஐரிஷ் நாடோடிகளுக்கும் பல காலம் அந்தக் கோடுதான் மிச்சம். 2011 கணக்கெடுப்பில்தான் அவர்களுக்கென்று ஒரு கட்டம் வந்தது. சிறையில் இருப்பவர், விடுதியில் இருப்பவர், வீடற்றவர் ஆகியோரை வீடு வீடாகப் போகும் ஆய்வு தொடுவதே இல்லை. நல்ல குழுத்தலைவர் அந்தக் கோட்டை அப்படியே விடமாட்டார். மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்துப் பார்ப்பார், அந்தச் சமூகத்தின் வாய்மொழிச் சான்றைப் பக்கத்தில் வைப்பார், இங்கே தரவு இல்லை என்பதையே ஒரு கண்டுபிடிப்பாக நாடாளுமன்றத்துக்கு எழுதுவார். தரவு இல்லாமல் போனது இயற்கையில் நடந்தது அல்ல. யாரோ கேட்க வேண்டாம் என்று முடிவு செய்ததால் இல்லாமல் போனது.

கேட்க வேண்டாம் என்று முடிவு செய்பவர்களிடம் இன்னொரு வழியும் உண்டு. ஆணையம் தொடங்கியபோது அதன் ஆண்டு நிதி சுமார் 7 கோடி பவுண்டு. பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் அது சுமார் 1.7 கோடியாகக் குறைந்தது. ஆணையத்தைக் கலைத்தால் கூச்சல் எழும். நிதியைக் குறைத்தால் எழாது.

நம் பக்கம்

நம்மிடம் பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆணையம் இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 338-ஆம் பிரிவு அதற்குச் சிவில் நீதிமன்றத்துக்குரிய விசாரணை அதிகாரங்களைக் கொடுத்திருக்கிறது. முன்னேற்றத்தை மதிப்பிடும் கடமையையும் கொடுத்திருக்கிறது. ஆனால் தனியார் நிறுவனம் ஆண்டுதோறும் தன் தொழிலாளர்களின் சமூகப் பின்னணியைக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற சட்டம் இங்கே இல்லை. 2006-இல் சச்சார் குழு சமவாய்ப்பு ஆணையம் ஒன்றைப் பரிந்துரைத்தது. 2008-இல் மாதவ மேனன் தலைமையிலான நிபுணர் குழு அதன் அமைப்பை வரைந்து கொடுத்தது. அமிதாப் குண்டு தலைமையில் இன்னொரு குழு, நிறுவனங்களின் பன்மைத்துவத்தை அளக்கும் குறியீட்டையே வகுத்துக் கொடுத்தது. வரைபடம் இருக்கிறது, வீடு கட்டப்படவில்லை.

தேவை இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். உயர்சாதி இந்துப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. பிரிட்டனிலும் அரசே இப்படி ஓர் ஆய்வு நடத்தி 2009-இல் வெளியிட்டது. வெள்ளையர் பெயர் 9 விண்ணப்பத்தில் பெற்ற நல்ல பதிலைச் சிறுபான்மையர் பெயர் பெற 16 விண்ணப்பம் போட வேண்டியிருந்தது. அதில் இன்னொன்றும் தெரிந்தது. நிறுவனமே தந்த ஒரே மாதிரியான படிவத்தில் விண்ணப்பம் வாங்கிய அரசுத் துறைகளில் பாகுபாடு ஏறக்குறையத் தென்படவில்லை. மனம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, படிவத்தை மாற்றியும் பார்க்கலாம்.

நமக்குள்ளும் ஒரு கேள்வி இருக்கிறது. அதைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையாக இருக்காது. மொத்த எண் எப்போதும் யாரையாவது மறைக்கும். பட்டியல் சாதி என்ற ஒரு கட்டத்துக்குள் அருந்ததியர் நிலை தெரியாமல் இருந்தது. நீதிபதி ஜனார்த்தனம் குழு தரவைப் பிரித்துப் பார்த்த பிறகே 2009-இல் 18 சதவீதத்துக்குள் 3 சதவீத உள்ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் உள்வகைப்பாட்டை ஏற்றபோதும் அதற்குத் தரவு வேண்டும் என்றது. இதில் நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதை எண்களை மேசைமேல் வைத்துக்கொண்டு பேசுவோம். மற்றவர்களிடம் கேட்கும் கணக்கை நமக்குள் கேட்கக் கூச்சப்படக் கூடாது. பெண்கள் விஷயத்திலும் இதுவே.

எண்ணுவதன் ஆபத்து

எண்ணிக்கை எப்போதும் நம் நண்பன் அல்ல. 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டமும் மக்களைப் பெயர் பெயராக எண்ணிப் பதிந்தது, கண்காணிப்பில் வைப்பதற்காக. லண்டன் ஹாரிங்கே பகுதியில் 1979-இல் இனக் கேள்வியைச் சோதித்தபோது மக்கள் பதில் சொல்ல மறுத்தார்கள். நாடு கடத்தப் பயன்படுத்துவார்களோ என்ற பயம் அப்போது இருந்தது. 1981 கணக்கெடுப்பில் அந்தக் கேள்வி இடம்பெறவில்லை. அந்தப் பயம் அறியாமை அல்ல.

ஆகவே எண்ணுபவர் யார், எதற்காக எண்ணுகிறார், தனிநபர் விவரம் யார் கண்ணில் படும், என் அடையாளத்தை நானே சொல்ல உரிமை உண்டா என்ற கேள்விகளை ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் கேட்க வேண்டும். இந்தியாவில் 2027 கணக்கெடுப்பில் சாதி கேட்கப்படும் என்று அரசு அறிவித்திருக்கிறது. கேட்பார்களா என்ற போராட்டத்தின் ஒரு கட்டம் முடிந்தது. எப்படிக் கேட்பார்கள், எவ்வளவு பிரித்து வெளியிடுவார்கள், வெளியிட்டதை வைத்து யார் யாரைக் கேள்வி கேட்க முடியும் என்பது இனிமேல்தான். பண்டிதர் கேட்ட கேள்வி அதுதானே.

தோழர்களே, முடிக்கிறேன். நம் இயக்கங்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், கவிஞர்கள் இருக்கிறார்கள், பேச்சாளர்கள் நிறைய இருக்கிறார்கள். கணக்குத் தெரிந்தவர்கள் குறைவு. மாணவர்களில் சிலராவது புள்ளியியல் படியுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் வன்கொடுமை வழக்குகள் எத்தனை பதிவாயின, எத்தனையில் குற்றப்பத்திரிகை, எத்தனையில் தண்டனை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி ஆண்டுதோறும் ஒரே முறையில் பதிந்துவையுங்கள். ஒரே ஆண்டின் எண் செய்தி. பத்து ஆண்டின் எண் சாட்சி. சமவாய்ப்பு ஆணையம் வேண்டும், அதற்குத் தனியாரிடம் கணக்குக் கேட்கும் அதிகாரம் வேண்டும், அங்கே சுதந்திரமாக வேலை செய்யும் புள்ளியியலாளர் குழு வேண்டும் என்பதைத் தேர்தல் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். நாளை அந்த ஆணையம் அமையும்போது அந்தக் குழுவை நடத்தும் நாற்காலியில் உட்காரும் தகுதியோடு நம் பிள்ளைகள் பத்துப் பேராவது வரிசையில் நிற்க வேண்டும்.